தயாரிப்பாளர் ஆக நினைக்கும் மதுரைப் பக்கத்துக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஃபிலிம் பெட்டி தூக்கிக்கொண்டு போய்த்தான் நான் சினிமாவுக்குள் வந்தேன். மதுரையில் ஒரு விநியோக அலுவலகத்தில் ரெப் வேலை. வெள்ளிக்கிழமை விடிவதற்குள் பெட்டியை பஸ் மேல் ஏற்றி உசிலம்பட்டிக்கோ கம்பத்துக்கோ பரமக்குடிக்கோ போக வேண்டும். தியேட்டரில் உட்கார்ந்து காட்சிக்குக் காட்சி டிக்கெட்டை எண்ணி, இரவு வசூல் கணக்கை எழுதி அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அப்புறம் சென்னையில் பதினாறு வருடம் தயாரிப்பு நிர்வாகியாக இருந்தேன். நடுவில் ஒரு படத்துக்குக் கூட்டுத் தயாரிப்பாளர். இப்போது திருநகரில் இருக்கிறேன். வாரத்துக்கு இரண்டு பேராவது வந்து, "அண்ணே, படம் எடுக்கணும்" என்கிறார்கள். அவர்கள் கேட்பதில் பாதி ஒரே கேள்விகள்தான் என்பதால் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

தயாரிப்பாளர் என்றால் பணம் போடுகிறவர்தானே?

எல்லாரும் முதலில் கேட்பது இதுதான். தவறான எண்ணம் தொடங்குவதும் இங்கேதான். பணம் போடுகிறவர் ஃபைனான்சியர். கதை சொல்கிறவர் இயக்குநர். இந்த இரண்டு பேரையும், இன்னும் நூற்றுக்கணக்கான பேரையும் ஒரே தேதியில் ஒரே இடத்தில் நிற்க வைத்து, அதற்கு ஆன செலவுக்கும் வாங்கிய கடனுக்கும் கடைசி வரை பதில் சொல்கிறவர்தான் தயாரிப்பாளர். லைட்மேன் பேட்டா வரவில்லை என்றால் அவரிடம்தான் வருவார். ஏதோ ஒரு ஊர்த் தியேட்டரில் படம் பாதியில் நின்றாலும் போன் அவருக்குத்தான் வரும்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி ஒரு திரைப்படத்தின் 'ஆசிரியர்' அதன் தயாரிப்பாளர்தான். இயக்குநர் இல்லை, நாயகனும் இல்லை. சிறந்த படத்துக்கான தேசிய விருதை இயக்குநரோடு சேர்ந்து தயாரிப்பாளரும் மேடையேறி வாங்குகிறார். பணம் மட்டும் போட்டுவிட்டு ஒதுங்கி நிற்க ஆசை என்றால் வட்டிக்குக் கொடுங்கள். அது தனித் தொழில்.

சரி, வட்டிக்கு வாங்கிப் படம் எடுக்கலாமா?

எடுக்காதவர்கள் குறைவு. சினிமாக் கடன் மாத வட்டியில்தான் பேசப்படும். ஒரு பேச்சுக்கு, ஒரு கோடி ரூபாயை மூணு வட்டிக்கு வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். மாதம் மூன்று லட்சம். எட்டு மாதத்தில் படம் வெளியாகும் என்று கணக்குப் போட்டால் 24 லட்சம். அதே படம் பதினெட்டு மாதம் இழுத்தால் 54 லட்சம். படத்தில் ஒரு ஷாட்கூடக் கூடியிருக்காது. நல்ல துணி கூடியிருக்காது, நல்ல செட் கூடியிருக்காது. முப்பது லட்சம் தேதியில் மட்டும் கரைந்திருக்கும்.

ஃபிலிம் காலத்தில் இந்தக் கடனுக்கு ஈடு நெகட்டிவ்தான். லேபில் இருக்கும் நெகட்டிவ் மீது ஃபைனான்சியருக்கு ஒரு கடிதம் போகும். அவர் சம்மதம் இல்லாமல் லேப் ஒரு பிரிண்ட்கூடப் போடாது. இப்போது நெகட்டிவ் இல்லை, டிஜிட்டல்தான். ஆனாலும் கடன் கொடுத்தவரிடமிருந்து கிளியரன்ஸ் வராமல் படம் திரைக்குப் போகாது. "காலைக் காட்சி ரத்து" என்று தியேட்டர் வாசலில் பலகை தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ரசிகர்கள் வெளியே நின்று கத்திக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில், சென்னையில் ஏதோ ஒரு அறையில் தயாரிப்பாளர் தன் அடுத்த படத்தையும் வீட்டையும் சேர்த்து எழுதிக் கொடுத்துக்கொண்டிருப்பார். அப்படி ஓர் அறைக்கு வெளியே விடியும் வரை நான் உட்கார்ந்திருக்கிறேன். அன்று அந்த மனிதர் முகம் இருந்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

அதனால் கடனே வாங்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். கடனை எப்போது வாங்குவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கதை பேசும்போதே வாங்காதீர்கள். படப்பிடிப்பைச் சொந்தப் பணத்திலோ கூட்டாளிகள் பணத்திலோ முடித்துவிட்டு, கடைசிக் கட்ட வேலைக்கு மட்டும் வாங்குங்கள். வட்டி ஓடும் மாதங்கள் பாதிக்குப் பாதி குறையும்.

மதுரைப் பக்கத்திலிருந்து பெரிய தயாரிப்பாளர்கள் யாராவது வந்திருக்கிறார்களா, இல்லை எல்லாம் சென்னைதானா?

சென்னைக்குப் போனவர்களில் எத்தனை பேர் நம் பக்கத்துக்காரர்கள் என்று பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். 1937இல் வந்த 'சிந்தாமணி'யை எடுத்தது மதுரையைச் சேர்ந்த ராயல் டாக்கீஸ் டிஸ்ட்ரிபியூட்டர்ஸ். தியாகராஜ பாகவதரை ஊரெங்கும் கொண்டுபோய்ச் சேர்த்த படம். ஒரே தியேட்டரில் ஒரு வருடம் ஓடிய முதல் தமிழ்ப் படம் என்ற பெயரும் அதற்கு உண்டு. அதில் வந்த லாபத்தில் மதுரையில் ஒரு தியேட்டரே கட்டி, அதற்கும் சிந்தாமணி என்றே பெயர் வைத்தார்கள். கீழவெளி வீதியில் அந்தத் தியேட்டரில் படம் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தப் பெயரின் கதை அவர்களிலேயே பல பேருக்குத் தெரியாது. இதே நிறுவனம்தான் 1944இல் 'ஹரிதாஸ்' எடுத்தது. அது சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி பார்த்த படம்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், அவர்கள் முதலில் விநியோகஸ்தர்கள் என்பது. எந்த ஊரில் எந்தப் பாட்டுக்குக் கூட்டம் வரும் என்று டிக்கெட் கவுன்டரில் நின்று தெரிந்துகொண்டவர்கள் படமெடுக்கப் போனார்கள்.

ஏவி.எம். செட்டியார் காரைக்குடிக்காரராமே? அவர் கதையைக் கொஞ்சம் சொல்லுங்கள்.

கேட்டால் நான் நிறுத்த மாட்டேன். தயாரிப்பாளர் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள அவரைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஏ.வி. மெய்யப்பன் 1907இல் காரைக்குடியில் பிறந்தவர். அப்பா அவிச்சி செட்டியார் வைத்திருந்த கடையில் கிராமபோன் தட்டும் விற்றார்கள். பையனுக்குத் தட்டை விற்றுக்கொண்டிருப்பதில் திருப்தி வரவில்லை. நாமே ஏன் தயாரிக்கக் கூடாது என்று நினைத்தார். 1932இல் சென்னைக்குப் போய்க் கூட்டாளிகளோடு சரஸ்வதி ஸ்டோர்ஸ் தொடங்கினார். பாட்டுத் தட்டு நன்றாகப் போனது. அடுத்தது சினிமா. 1935இல் 'அல்லி அர்ஜுனா'. தோல்வி. அடுத்து 'ரத்னாவளி'. அதுவும் தோல்வி. இரண்டு படம் விழுந்தபின் ஊருக்குத் திரும்பிக் கடையைப் பார்த்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது.

அவர் செய்தது வேறு. 1938இல் 'நந்தகுமார்' எடுத்தார். நடிப்பவர் ஒருவர், பாடுபவர் இன்னொருவர் என்பதை அதில் செய்து பார்த்தார். நடிக்கிறவரே பாட வேண்டும் என்றிருந்த காலம் அது. 1945இல் 'ஸ்ரீவள்ளி' வெளியான பிறகு, நாயகி குமாரி ருக்மிணியின் பாட்டு அவர் காதுக்கு நிறைவாகப் படவில்லை. வெளியான படத்தையே எடுத்து, பாடகி பெரியநாயகியைப் பாட வைத்து, பாடல்களை மாற்றினார். ஓடிக்கொண்டிருக்கும் படத்தில் போய்க் கை வைக்க எவ்வளவு துணிவு வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். கன்னடத்தில் எடுத்த 'ஹரிச்சந்திரா'வை 1944இல் தமிழ் பேச வைத்தவரும் அவர்தான். டப்பிங் என்று இன்று சாதாரணமாகச் சொல்கிறோமே, அதற்கு முன்னோடி அது.

1945இல் ஏவி.எம். என்ற பெயரில் தனி நிறுவனம் தொடங்கினார். சென்னையில் அப்போது மின்சாரத்துக்குக் கட்டுப்பாடு. ஸ்டூடியோவைக் காரைக்குடிக்கே கொண்டுவந்துவிட்டார். தேவகோட்டை ரஸ்தாவில் கூரைக் கொட்டகைகள் போட்டு, நடிகர்களும் தொழிலாளர்களும் அங்கேயே தங்க, ஒரு சின்ன ஊர் மாதிரி நடந்தது. 1947 ஜனவரியில், சுதந்திரத்துக்கு ஏழு மாதம் முன்பே, 'நாம் இருவர்' அங்கிருந்து போனது. நாடகமாக நடந்த கதையைப் படமாக்கி அதில் பாரதி பாட்டுகளை வைத்தார். பாரதி பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமையை அவர் ஏற்கெனவே விலைக்கு வாங்கி வைத்திருந்தார். பிறகு அரசு அந்தப் பாடல்களை எல்லாருக்கும் பொதுவாக்க முன்வந்தபோது, பணம் வாங்காமலே அந்த உரிமையைக் கொடுத்தார். நல்ல விலைக்குப் போயிருக்கும் சொத்து அது.

1948இல் ஸ்டூடியோ வடபழனிக்குப் போனது. அதற்குப் பின் நடந்தது எல்லாருக்கும் தெரியும். தெரியாத பகுதி இந்தக் காரைக்குடிக் கொட்டகைக் காலம்தான். மின்சாரம் இல்லை என்றால் மின்சாரம் இருக்கும் ஊருக்குப் போவோம் என்று முடிவெடுப்பது தயாரிப்பாளர் வேலை. இயக்குநரை அதற்கு எதிர்பார்க்க முடியாது.

ஜெயித்தவர்கள் கதை சரி. தோற்றவர்கள்?

இதைக் கேட்கிற தம்பிகள் மேல் எனக்கு மரியாதை கூடும்.

'நந்தகுமார்' படத்தில் மெய்யப்பன் ஒரு சிறுவனை அறிமுகப்படுத்தினார். சோழவந்தானுக்குப் பக்கத்துத் தென்கரையில் பிறந்த டி.ஆர். மகாலிங்கம். 'ஸ்ரீவள்ளி', 'நாம் இருவர்' இரண்டிலும் அவரே நாயகன். குரலால் உச்சிக்குப் போனவர், சொந்தமாகப் படமெடுக்க ஆசைப்பட்டு சுகுமார் புரொடக்‌ஷன்ஸ் தொடங்கினார். 1950இல் 'மச்சரேகை', 1951இல் 'மோகனசுந்தரம்', 1952இல் 'சின்னதுரை', 1954இல் 'விளையாட்டு பொம்மை'. நடிகராகச் சம்பாதித்தது தயாரிப்பில் போனது. கடன் சூழ்ந்தது, வாய்ப்பும் குறைந்தது.

அவரை மறுபடியும் கூப்பிட்டவர் கண்ணதாசன். சிறுகூடல்பட்டிக்காரர், அவரும் நம் பக்கம்தான். 1958இல் 'மாலையிட்ட மங்கை'யைத் தயாரித்தபோது, சுற்றியிருந்தவர்கள் வேண்டாம் என்று சொல்லியும் மகாலிங்கத்தையே நாயகனாகப் போட்டார். படம் ஓடியது. மகாலிங்கத்தின் இரண்டாவது வாழ்க்கை அங்கே தொடங்கியது. ஆனால் அதே கண்ணதாசன் அடுத்தடுத்துச் சொந்தப் படங்களில் பெரிய நஷ்டம் பட்டார். 1960இல் வந்த 'கவலை இல்லாத மனிதன்' அவரைக் கடனில் ஆழ்த்தியது. பாட்டெழுதித்தான் அந்தக் கடனை அடைத்துக்கொண்டு வந்தார்.

இரண்டு பேரும் மேதைகள். பாட்டும் பேனாவும் அவர்களைக் காப்பாற்றின. நம்மில் பல பேருக்கு அப்படி ஒரு பக்கத்துத் தொழில் இருக்காது. படமெடுக்க வருகிற தம்பியிடம் நான் முதலில் கேட்பது: "இது போனால் மறுநாள் காலையில் என்ன வேலைக்குப் போவாய்?" பதில் இருந்தால்தான் மேலே பேசுவேன்.

நடிகரை யார் முடிவு செய்வது? தயாரிப்பாளர் பேச்சுக்கு மதிப்பு உண்டா?

'பராசக்தி' கதையைச் சொல்கிறேன். அதை எடுத்தது நேஷனல் பிக்சர்ஸ் பி.ஏ. பெருமாள் முதலியார், ஏவி.எம். உடன் கூட்டு. ஒல்லியாக இருந்த நாடக நடிகர் கணேசனைத்தான் நாயகனாகப் போட வேண்டும் என்று பெருமாள் பிடிவாதமாக இருந்தார். சில ஆயிரம் அடி எடுத்த பிறகும் மெய்யப்பனுக்கு அந்தப் பையன் மீது நம்பிக்கை வரவில்லை. மாற்றிவிடலாம் என்றார். பெருமாள் மசியவில்லை. கணேசன் உடம்பைத் தேற்றிக்கொள்ளக் கொஞ்ச நாள் கொடுத்து, எடுத்த காட்சிகளை மறுபடி எடுத்தார்கள். 1952 தீபாவளிக்குப் படம் வந்தது. நான் மேலே புகழ்ந்த மெய்யப்பனே அன்று தவறாகக் கணித்தார், கூட்டாளி சரியாகக் கணித்தார். அனுபவசாலி சொல்கிறார் என்பதற்காக உங்கள் காதும் கண்ணும் சொல்வதை விட்டுவிடாதீர்கள்.

நம் ஊருக்கு அந்தப் படத்தோடு இன்னொரு உறவும் உண்டு. மேலப்பெருமாள் மேஸ்திரி வீதித் தங்கம் தியேட்டர் திறந்தது 'பராசக்தி'யோடுதான். இரண்டாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் உட்காரலாம், ஆசியாவிலேயே பெரியது என்று பெயர். இப்போது அந்த இடத்தில் ஜவுளிக்கடை. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நான் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் போவேன். சிவாஜி கணேசன் வாழ்நாள் முழுக்கப் பொங்கலுக்குப் பெருமாள் வீட்டுக்குச் சீர் கொண்டுபோனார். ஒரு தயாரிப்பாளருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

எம்.ஆர். ஏரியா, எம்.ஜி. என்று பேசுகிறார்களே, அது என்ன?

தமிழ்நாட்டை சினிமாக்காரர்கள் தங்களுக்கென்று ஒரு வரைபடம் போட்டுப் பிரித்து வைத்திருக்கிறார்கள். சென்னை நகரம், செங்கல்பட்டு, வட தென் ஆற்காடு, சேலம், கோவை, திருச்சி-தஞ்சாவூர், மதுரை-ராமநாதபுரம், திருநெல்வேலி-கன்னியாகுமரி. நம்முடையது எம்.ஆர். பழைய மதுரை, ராமநாதபுரம் ஜில்லாக்கள். அதாவது இன்றைய மதுரை, திண்டுக்கல், தேனி, சிவகங்கை, விருதுநகர், ராமநாதபுரம். அரசு மாவட்டங்களைப் பிரித்துக்கொண்டே போனாலும் சினிமா வரைபடம் மாறவில்லை.

ஒவ்வொரு ஏரியாவையும் மூன்று விதமாக விற்கலாம். அவுட்ரைட் என்றால் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு, பேசிய வருடங்களுக்கு ஏரியாவை முழுதாக எழுதிக் கொடுப்பது. லாபமோ நஷ்டமோ வாங்கியவருக்கு. எம்.ஜி., அதாவது மினிமம் கேரண்டி என்றால், விநியோகஸ்தர் ஒரு தொகையை உறுதியாகத் தருவார். வசூலில் அந்தத் தொகையையும் தன் செலவையும் கமிஷனையும் எடுத்துக்கொண்டு, மேலே வழிவதில் உங்களுக்குப் பங்கு தருவார். அதற்கு ஓவர்ஃப்ளோ என்று பெயர். மூன்றாவது டிஸ்ட்ரிபியூஷன். ஒரு அட்வான்ஸ் தருவார், படத்தை ஓட்டித் தருவார், கமிஷன் எடுப்பார். அட்வான்ஸ் அளவுக்கு வசூல் வரவில்லை என்றால் மீதியை நீங்கள் திருப்பித் தர வேண்டும்.

புதுத் தயாரிப்பாளர்கள் சறுக்குவது இந்த மூன்றாவதில்தான். அட்வான்ஸ் வந்ததும் அதை வருமானம் என்று நினைத்துச் செலவு செய்துவிடுகிறார்கள். அது கடன். தாளில் 'அட்வான்ஸ்' என்று எழுதியிருக்கிறதா, 'எம்.ஜி.' என்று எழுதியிருக்கிறதா என்று இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

தியேட்டரோடு பங்கு சதவீதக் கணக்கு. முதல் வாரம் நம் பக்கம் அதிகம், வாரம் ஆக ஆகத் தியேட்டர் பக்கம் கூடும். இரண்டாவது வெள்ளிக்கிழமை புதுப்படம் வந்து நம்மைத் தூக்கிவிட்டால் அதோடு கதை முடிந்தது.

யாருமே வாங்க வரவில்லை என்றால்?

'16 வயதினிலே'வை எடுத்த எஸ்.ஏ. ராஜ்கண்ணுவுக்கு அதுதான் நடந்தது. 1977இல், புது இயக்குநர், கோவணம் கட்டிய நாயகன், ஸ்டூடியோவே இல்லாத கிராமம். விநியோகஸ்தர்கள் ஒதுங்கினார்கள். அவரே வெளியிட்டார். அல்லிநகரத்து பாரதிராஜா அங்கிருந்துதான் தொடங்கினார். நம் மண்ணின் பேச்சையும் வெயிலையும் திரைக்குக் கொண்டுவந்த பெருமையில் பாதி, அன்று கையைச் சுட்டுக்கொள்ளத் தயாராக இருந்த அந்தத் தயாரிப்பாளருக்குச் சேர வேண்டும் என்பது என் எண்ணம்.

ஆனால் சொந்தமாக வெளியிடுவது என்றால் போஸ்டர், டிஜிட்டல் புரொஜெக்‌ஷன் கட்டணம், விளம்பரம் எல்லாவற்றுக்கும் தனிப் பணம் வேண்டும். படம் முடியும்போது கையில் ஒன்றும் இல்லாமல் நிற்காதீர்கள். வெளியீட்டுச் செலவைத் தனியாக எடுத்து வைத்த பிறகுதான் பூஜை போட வேண்டும்.

மதுரையில் ஷூட்டிங் வைக்க யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

இடத்தைப் பொறுத்தது. கோயில் என்றால் அறநிலையத் துறை, திருமலை நாயக்கர் மகால் என்றால் மாநிலத் தொல்லியல் துறை, ரயில் நிலையம் என்றால் ரயில்வே, தெரு என்றால் போலீஸும் மாநகராட்சியும். கிராமத்தில் ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை. அந்தக் கடைசி ஒன்று எந்தத் தாளிலும் இல்லை. அது இல்லாமல் கேமரா வைக்க முடியாது.

ஆற்றைப் பற்றி என் அனுபவம். நான் கூட்டுத் தயாரிப்பாளராக இருந்த படத்துக்கு வைகை மணலில் ஒரு திருவிழா செட் போட்டோம். ஊரில் கேட்டோம், போலீஸில் கேட்டோம். அணையில் தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்று பொதுப்பணித் துறையில் கேட்கவில்லை. கீழ்ப் பக்க மாவட்டங்களுக்குக் குடிநீருக்காகத் திறந்துவிட்டார்கள். ராத்திரி வந்த தண்ணீரில் செட் போனது. ஆள் சேதம் இல்லை, அது ஒன்றுதான் ஆறுதல். மறுபடி செட் போடுவதற்குள் நாயகனின் கால்ஷீட் முடிந்துவிட்டது. அடுத்த தேதிக்கு நான்கு மாதம் காத்திருந்தோம். நான்கு மாத வட்டி. நாகமலை புதுக்கோட்டையில் வாங்கிப் போட்டிருந்த மனையை விற்றேன். கேட்க வேண்டியது என் பொறுப்பு, கேட்காமல் விட்டது என் தவறு. அந்தச் செட் போட்ட தச்சர்களுக்கு மட்டும் கூலி பாக்கி வைக்கவில்லை.

ஜல்லிக்கட்டுக் காட்சி வைக்கலாமா?

மதுரைப் பையன் கதை எழுதினால் பத்தில் ஏழில் காளை வருகிறது, அதனால் விவரமாகவே சொல்கிறேன். படத்தில் எந்த விலங்கு வந்தாலும் எடுப்பதற்கு முன்பே விலங்கு நல வாரியத்திடம் அனுமதி வாங்க வேண்டும். வாரியத்தின் தலைமை அலுவலகம் முன்பு சென்னையில் இருந்தது. இப்போது ஹரியானாவில் இருக்கிறது. அந்தச் சான்று இல்லாமல் சென்சாரில் நகர முடியாது. காளைக்கு இன்னொரு தடையும் உண்டு. பழக்கி வேடிக்கை காட்டக் கூடாத விலங்குகளின் பட்டியலில் புலி, சிங்கம், கரடி, குரங்கு, சிறுத்தையோடு காளையையும் 2011 ஜூலையில் மத்திய அரசு சேர்த்தது. 2017இல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டத் திருத்தம் ஜல்லிக்கட்டு நடத்த வழி செய்தது, 2023இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. அவனியாபுரத்திலும் பாலமேட்டிலும் அலங்காநல்லூரிலும் வாடிவாசல் திறப்பதற்கான சட்டம் அது. சினிமாவுக்காகக் காளையை அவிழ்த்துவிடும் அனுமதி என்று அதை நினைத்துவிடாதீர்கள். திரையில் "இது கிராஃபிக்ஸ்" என்று ஓரத்தில் எழுத்து வருவது இதனால்தான். கிராஃபிக்ஸுக்குப் பணம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கதையில் காளையைச் சேருங்கள்.

சென்சார் கஷ்டமா?

பயப்படும் அளவுக்கு இல்லை. விண்ணப்பம் இணையத்தில் போட வேண்டும். 2024 முதல் யு/ஏ சான்றிதழில் 7, 13, 16 என்று வயதுப் பிரிவு வந்திருக்கிறது. ரிலீஸ் தேதியை அறிவித்துவிட்டுச் சென்சாருக்குப் போகாதீர்கள். சான்றிதழ் கையில் வந்த பிறகு தேதி சொல்லுங்கள்.

தியேட்டரே வேண்டாம், ஓடிடிக்கு நேராக விற்றுவிடலாமா?

தெரிந்த முகம் இல்லாத சின்னப் படத்தை இப்போது அப்படி வாங்குவது அரிது. தியேட்டரில் எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் விலை பேசுகிறார்கள். ஓடிடி வரும் என்று அதைக் கணக்கில் வரவாக எழுதிவிட்டுப் படத்தைத் தொடங்காதீர்கள்.

பெண்கள் தயாரிப்பாளர் ஆக முடியுமா? வீட்டில் விட மாட்டேன் என்கிறார்கள்.

1936இலேயே டி.பி. ராஜலட்சுமி 'மிஸ் கமலா'வை எழுதி, இயக்கி, தானே தயாரித்தார். பேசும்படம் வந்து ஐந்தே வருடம் ஆகியிருந்தது. தொண்ணூறு வருடத்துக்கு முன் ஒருவர் செய்ததை இன்று முடியுமா என்று கேட்க வேண்டியிருக்கிறதே என்பது எனக்கு வருத்தம். நான் வேலை பார்த்த படங்களிலேயே கணக்கு மிகச் சுத்தமாக இருந்தது ஒரு பெண் தயாரித்த படத்தில்தான். ஒவ்வொரு நாளும் சாயங்காலம் ஆறு மணிக்கு அன்றைய வவுச்சரில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் கிளம்புவார். வீட்டில் சம்மதிக்க வைக்க என்னிடம் வழி இல்லை, தங்கச்சி. ஆனால் ஒரு படத்தின் கணக்கை முழுதாக நடத்திக் காட்டினால் பேச்சு மாறும். அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எங்கிருந்து ஆரம்பிப்பது? ஏதாவது படிக்க வேண்டுமா?

படித்தால் நல்லது. ஆனால் ஒரு தயாரிப்பு நிர்வாகிக்குக் கீழே இரண்டு படம் வேலை பாருங்கள். காலை ஐந்து மணிக்கு வேன் அனுப்புவது, சாப்பாட்டுக்கு எத்தனை இலை என்று எண்ணுவது, ஜெனரேட்டர் டீசல் அளப்பது, யூனியன் விதிப்படி எத்தனை மணிக்கு மேல் கூடுதல் சம்பளம் என்று தெரிந்துகொள்வது. ஒரு படப்பிடிப்பு நாளுக்கு எவ்வளவு ஆகிறது என்பது விரல் நுனியில் இருக்க வேண்டும். அது தெரிந்தால், இயக்குநர் "இன்னும் ரெண்டு நாள் வேணும்" என்று கேட்கும்போது அந்த இரண்டு நாள் படத்துக்குத் தேவையா இல்லையா என்று அவரோடு உட்கார்ந்து பேச முடியும். அது தெரியாத தயாரிப்பாளர் ஒன்று எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார், இல்லை எல்லாவற்றுக்கும் கத்துவார். இரண்டிலும் படம் கெடும்.

முடிந்தால் ஒரு மாதம் தியேட்டரிலும் நில்லுங்கள். இடைவேளையில் டீ குடிக்க வருகிறவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று கேளுங்கள். திரும்ப உள்ளே போகாமல் சைக்கிள் ஸ்டாண்ட் பக்கம் நடக்கிறவரையும் கவனியுங்கள். ரெப் வேலையில் நான் கற்றதெல்லாம் அங்கேதான்.

எங்க தாத்தா ஒரு படம் எடுத்தாராம். பரணில் பெட்டியும் காகிதமும் கிடக்கிறது. என்ன செய்வது?

காரைக்குடி, தேவகோட்டை, மதுரைப் பக்கம் இப்படிக் கேட்டு வருகிறவர்கள் நிறைய. எதையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

முதலில் காகிதம். படம் வெளியான வருடத்துக்கு அடுத்த வருடத்திலிருந்து 60 வருடம் காப்புரிமை உண்டு. 1970இல் வந்த படம் என்றால் 2030 முடியும் வரை. அந்த உரிமை தாத்தாவிடமே இருந்ததா, யாருக்காவது எழுதிக் கொடுத்துவிட்டாரா என்பது அந்த ஒப்பந்தங்களில்தான் இருக்கும். ஏரியா ஏரியாவாக, வருடக் கணக்கில் கொடுத்திருப்பார். அந்த வருடங்கள் முடிந்திருந்தால் உரிமை வீட்டுக்குத் திரும்பியிருக்கும். எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கி, ஒரு வக்கீலிடம் காட்டுங்கள்.

அடுத்தது பெட்டி. தகர டப்பாவைத் திறந்ததும் காடி மாதிரி புளித்த வாடை வந்தால் ஃபிலிம் கெட ஆரம்பித்திருக்கிறது. உடனே வெயில் படாத, உலர்ந்த அறையில் வையுங்கள். 1950களின் தொடக்கத்துக்கு முந்திய படம் என்றால் அது நைட்ரேட் ஃபிலிமாக இருக்கலாம். சுலபத்தில் தீப்பிடிக்கும். விளக்கு, அடுப்புப் பக்கம் கொண்டுபோகவே கூடாது, வீட்டில் ஓட்டிப் பார்க்கவும் கூடாது. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964 முதல் இருக்கிறது. அவர்களுக்கு எழுதுங்கள். பழைய ஃபிலிமை எப்படிக் கையாள்வது என்று தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

போன மாதம் ஒரு அம்மா இப்படி ஒரு மஞ்சள் பையோடு வந்தார். உள்ளே மாமனாரின் தயாரிப்புக் கணக்கு நோட்டு. பக்கம் பக்கமாக லைட்பாய், ஒப்பனைக்காரர், வண்டிக்காரர் என்று ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே தொகையும் கைநாட்டும். கடைசிப் பக்கத்தில் மூன்று பெயர்களுக்கு எதிரே மட்டும் 'பாக்கி' என்று எழுதி, அதற்குக் கீழே வேறொரு மையில், வேறொரு வருடத் தேதியில், 'தீர்ந்தது' என்று எழுதியிருந்தார். அந்தப் படம் இன்று எங்கும் கிடைக்கவில்லை. நோட்டை ஸ்கேன் எடுத்துக்கொண்டு, அசலைத் துணியில் சுற்றி அந்த அம்மாவிடமே கொடுத்து அனுப்பினேன்.